கனடாவிலிருந்து வந்த ஸ்மார்ட் கருவிகளும் கிணற்றடி மோட்டரும்

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் நானும் கணவரும் மட்டுமே இருக்கிறோம். ரொறன்ரோவில் இருக்கும் மகள், கைபேசியிலிருந்து இயக்கக்கூடிய நான்கு ஸ்மார்ட் மின்குமிழ்கள், இரண்டு ஸ்மார்ட் பிளக்குகள், ஒரு கமரா, ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஆகியவற்றை அனுப்பியிருக்கிறாள். கணவருக்கு முழங்கால் வருத்தம் என்பதால் கிணற்றடிக்குப் போய் மோட்டரைப் போடுவதும் நிறுத்துவதும் சிரமமாக இருக்கிறது. மறந்துவிட்டால் தாங்கி நிரம்பி வழிகிறது. அந்தப் பிளக்கை மோட்டருக்குப் பயன்படுத்தலாமா? கரண்ட் போய் வரும்போது இவற்றுக்கு என்ன ஆகும்? (ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: எதையும் பொருத்துவதற்கு முன்னர், ஒவ்வொரு கருவியின் முதுகிலும் அல்லது அடப்டரிலும் அச்சிடப்பட்டிருக்கும் சிறிய எழுத்துகளை ஒரு பூதக்கண்ணாடியை வைத்தாவது வாசியுங்கள். கனடாவில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 120 வோல்ற், 60 ஹேட்ஸ். இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேட்ஸ். ‘100–240’ என்று போட்டிருந்தால் அந்தக் கருவி இரண்டு நாட்டிலும் வேலை செய்யும். கமராவும் ஸ்பீக்கரும் பெரும்பாலும் இந்த வகையான அடப்டருடனேயே வரும். ‘120’ அல்லது ‘125’ என்று மட்டும் இருந்தால் அதை நமது மின்சாரத்தில் ஒருபோதும் மாட்டக்கூடாது. அங்கே விற்கப்படும் ஸ்மார்ட் குமிழ்களும் பிளக்குகளும் அநேகமாக இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

குமிழ்களில்தான் ஆபத்து அதிகம். கனடாவின் திருகுக் குமிழின் அடி 26 மில்லிமீற்றர், நமது திருகு ஹோல்டருக்குரியது 27 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் கைக்குத் தெரியாது, குமிழ் ஒழுங்காகத் திருகி உள்ளே போய்விடும். சுவிச்சைப் போட்டதும் ஏறத்தாழ இரு மடங்கு மின்னழுத்தம் அதன் உள்ளிருக்கும் மின்சுற்றைத் தாக்கும். பிளக்குக்குப் பயண அடப்டர் வாங்கி மாட்டலாம் என்று கடைகளில் சொல்வார்கள்; அந்த அடப்டர் ஊசியின் வடிவத்தை மாற்றுமே தவிர, வோல்ற்றளவைக் குறைக்காது. ஆகவே 120 வோல்ற் பொருட்களை மகள் ஊருக்கு வரும்போது திருப்பிக் கொண்டுபோகட்டும். அன்பாக அனுப்பிய பொருளைப் பெட்டியிலேயே வைப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கலாம். ஆயினும் தீப்பிடிக்கக்கூடிய ஒன்றை வீட்டில் மாட்டி வைக்க முடியாது. இனிமேல் அனுப்புவதானால், லண்டனில் இருக்கும் உறவினர் மூலம் வாங்குவது நல்லது, ஏனெனில் அங்குள்ள மின்சாரமும் 230 வோல்ற், அவர்களின் சதுர மூன்று ஊசிப் பிளக்கும் இங்கே பாவனையில் இருப்பதுதான்.

இப்போது மோட்டருக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுவே. உங்களிடமுள்ள பிளக் 230 வோல்ற்றுக்கு உரியதாக இருந்தாலும்கூட, நீரிறைக்கும் மோட்டரை அதில் நேரடியாகக் கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பிளக்கில் ‘10 அம்பியர்’, ‘16 அம்பியர்’ என்று எழுதியிருப்பது மின்கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி போன்ற, சூடாக்கும் கருவிகளை மனதில் வைத்துக் கணக்கிட்ட அளவு. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஏறக்குறைய 5 முதல் 7 அம்பியர் வரை இழுத்தாலும், புறப்படும் அந்தக் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த வேகத்தில் பிளக்கின் உள்ளே இருக்கும் சிறிய தொடுமுனைகள் பொறிபட்டு, நாளடைவில் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு நீங்கள் கைபேசியில் ‘நிறுத்து’ என்று அழுத்துவீர்கள், செயலியும் நின்றுவிட்டதாகக் காட்டும், கிணற்றடியிலோ மோட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் சிரமத்துக்கு மிக நல்ல தீர்வு இணையம் சார்ந்ததே அல்ல. தாங்கியினுள் ஒரு மிதவைச் சுவிச்சைத் தொங்கவிட்டால், தண்ணீர் மேல்மட்டத்துக்கு வந்ததும் அதுவே மோட்டரை நிறுத்திவிடும். வைஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும், விலையும் ஸ்மார்ட் கருவிகளுடன் ஒப்பிட்டால் குறைவு. வழிந்தோடும் தண்ணீரை நான் சிறிய விடயமாக எடுத்துக்கொள்வதில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது; சுண்ணாம்புக்கல்லுக்குள் மாரி மழை இறங்கித் தேங்குவதைத்தான் ஆண்டு முழுவதும் இறைக்கிறோம், மிதமிஞ்சி இறைத்தால் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுகிறது.

மிதவை பொருத்திய பிறகு, கிணற்றடிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளிருந்தே மோட்டரைப் போட விரும்பினால், மோட்டருக்கென்று தயாரிக்கப்பட்ட கொன்ராக்ரர் (மின்காந்தத்தால் இயங்கும் பெரிய சுவிச்) ஒன்றைப் பொருத்தி, அதை இழுத்து மூடும் மின்காந்தச் சுருளை மட்டும் ஒரு ஸ்மார்ட் ரிலே (கைபேசியால் இயக்கும் சிறு சுவிச்) இயக்குமாறு அமைக்க வேண்டும். பெரிய மின்னோட்டத்தைக் கொன்ராக்ரர் தாங்கிக்கொள்ளும், ரிலே கட்டளை மட்டும் கொடுக்கும். இதை அனுபவமுள்ள மின்னியலாளர் ஒருவரே செய்ய வேண்டும்; கூடவே குசினிச் சுவரில் சாதாரணக் கைச் சுவிச் ஒன்றையும் அதே சுருளுக்கு வைக்கச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அந்தக் கைச் சுவிச்சை முதலில் போட்டுவிட்டு, ஸ்மார்ட் ரிலே தேவைதானா என்று ஒரு மாதம் பொறுத்துத்தான் யோசிப்பேன். இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: ஆடி, ஆவணியில் கிணற்று நீர் கீழிறங்கும்போது மோட்டர் வெறுமையாக ஓடினால் அதன் சீல் கருகிவிடும், ஆகவே கிணற்றுக்குள்ளும் ஒரு கீழ்மட்ட மிதவை இருப்பது அவசியம். மோட்டர் கண் முன்னால் இல்லாதபோது இந்தக் காவல் இல்லாமல் தூரத்திலிருந்து இயக்கவே கூடாது.

கரண்ட் போய் வரும்போது என்ன ஆகும் என்பதற்கான விடை, செயலியில் இருக்கும் ஓர் அமைப்பைப் பொறுத்தது. மின்சாரம் திரும்பி வந்ததும் கருவி அணைந்தே இருக்க வேண்டுமா, எரிய வேண்டுமா, முன்பு இருந்த நிலைக்குப் போக வேண்டுமா என்று பெரும்பாலான ஸ்மார்ட் கருவிகள் கேட்கும். மோட்டருக்கான ரிலேயை ‘அணைந்தே’ என்பதில் வையுங்கள், இல்லையென்றால் நள்ளிரவில் கரண்ட் வரும்போது மோட்டரும் சேர்ந்து புறப்படும். குமிழ்களை ‘முன்பு இருந்த நிலை’யில் வைத்தால், படுத்துறங்கும் வேளையில் வீடு முழுவதும் வெளிச்சமாகாது. ரவுட்டருக்கு 12 வோல்ற் சிறு யூபிஎஸ் (பற்றரியுள்ள மாற்று மின்வழங்கி) ஒன்று வாங்கி வைத்தால், மின்வெட்டின்போதும் சில மணி நேரத்துக்கு இணையம் இருக்கும். ஆனால் சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி முழங்கத் தொடங்கினால், யூபிஎஸ் இருக்கிறது என்று நம்பியிராமல் அடப்டர்களைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். படலையடிக் கமராவிலிருந்து ரவுட்டருக்கு வயர் இழுத்திருந்தால் அதையும் கழற்ற வேண்டும், மின்னலின் தாக்கம் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

குமிழ்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்மார்ட் குமிழுக்குச் சுவர்ச் சுவிச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும்; பழக்கத்தில் உங்கள் கணவர் சுவிச்சை நிறுத்திவிட்டால் செயலியால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குப் பதிலாக ஸ்மார்ட் சுவிச் போடலாமே என்றால், பழைய வயரிங்கில் சுவிச்சுப் பெட்டிக்குள் நியூட்றல் வயர் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வயர்) வந்திருக்காது, அது இல்லாமல் பெரும்பாலான ஸ்மார்ட் சுவிச்சுகள் இயங்கா. முழங்கால் வருத்தமுள்ளவருக்கு நான் முதலில் வைப்பது, படுக்கையிலிருந்து மலசலகூடம் வரைக்கும் உள்ள வழியில், ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு விளக்குகள் இரண்டு மூன்றைத்தான். வீட்டுக்கு வெளியே, வளவின் பின்புறத்தில் மலசலகூடம் இருந்தால் இது இன்னும் அவசியம். செயலியோ கடவுச்சொல்லோ இதற்கு வேண்டியதில்லை.

கமரா விடயத்தில் கூடிய கவனம் வேண்டும். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹேட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேட்ஸில் மட்டுமே இணையும், ஆகவே ரவுட்டரில் அதற்கெனத் தனிப் பெயர் வைத்துக்கொண்டால் இணைப்பது சுலபம். தடித்த கற்சுவர்களைத் தாண்டி அலை படலை வரை போய்ச் சேராது. விறாந்தையின் கூரையடியில் கமராவை வைத்து முற்றத்தையும் படலையையும் பார்க்கவிடுவதே போதும். பொருத்தியவுடன் படம் எங்கெல்லாம் விழுகிறது என்பதைத் திரையில் பாருங்கள். அயல் வளவின் கிணற்றடி தெரிந்தால், அங்கே பெண்கள் குளிப்பார்கள் என்பதை எண்ணிக் கோணத்தை மாற்றுங்கள், அல்லது அந்தப் பகுதியைச் செயலியில் மறைத்துவிடுங்கள். வீட்டினுள் கமரா வைப்பதை மகள் வற்புறுத்தினாலும், நீங்கள் இருவரும் மனமார ஒப்புக்கொண்டால் மட்டும் வையுங்கள். வயதாகிவிட்டது என்பதற்காக ஒருவர் தன் வீட்டுக்குள் பார்க்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கருவியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே பெரிய இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. கணக்கை மகளின் பெயரில் திறக்காமல், உங்கள் கைபேசி இலக்கத்தில் திறந்து, அவளுக்குப் பகிர்வு அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் உறுதிப்படுத்தும் இலக்கம் ரொறன்ரோவுக்குப் போகும். இங்கே காலை பத்தரை மணியாக இருக்கும்போது அங்கே நள்ளிரவாகவோ அதைக் கடந்தோ இருக்கும்.

எல்லாம் பொருத்தி முடிந்ததும், மின்னியலாளருக்குக் கூலியைக் கொடுத்து அனுப்புவதற்கு முன்னர், ரவுட்டரை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நிலையில் உங்கள் கணவர் கைபேசியைத் தொடாமல் மோட்டரைப் போட்டு நிறுத்தவும், ஒவ்வோர் அறையிலும் வெளிச்சம் போடவும் முடிகிறதா என்று பாருங்கள். பிறகு பிரதான சுவிச்சை ஒரு தடவை நிறுத்தி மீண்டும் போட்டு, மோட்டர் தானாகப் புறப்படவில்லை என்பதை கிணற்றடியில் நின்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டில் எது தவறினாலும் மின்னியலாளர் அதைத் திருத்திய பின்பே புறப்பட வேண்டும்.