அணைத் தண்ணீரை நம்பிக் கயாக் இறக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் காட்டாற்றில் கயாக் (துடுப்பால் செலுத்தும் ஒடுக்கமான சிறு படகு) ஓட்டுவது பற்றி எழுதிய பிறகு, கேரள எல்லையோர வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நின்றன: அணை திறக்கும் நேரம் தெரிந்தால் பயணத்தை அதற்கேற்பத் திட்டமிடலாமா? அவற்றில் ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

வெளிநாடுகளில் கயாக் ஓட்டுபவர்களுக்காகவே தேதி குறித்து அணையைத் திறக்கிறார்களாமே? நம் பக்கம் அப்படி உண்டா?
– மூணாறு வாசகர்

அங்கே நடப்பது உண்மைதான். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சம்மர்ஸ்வில் அணையிலிருந்து காலி ஆற்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர், அக்டோபர் வார இறுதிகளில் தண்ணீர் விடுகிறார்கள். தேதிகளை முன்கூட்டியே வெளியிட்டுவிடுவார்கள். வழக்கமான அளவு விநாடிக்கு 2,800 கன அடிக்குப் பக்கம். வேல்ஸ் நாட்டின் ட்ரைவெரின் ஆறும் அணைத் தண்ணீரில் ஓடும் கயாக் ஆறுதான். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் ஸ்லாலம் போட்டியையும் (தொங்கும் கம்பங்களுக்கு இடையே வளைந்து ஓட்டும் போட்டி) டென்னசி மாநிலத்து ஒக்கோயீ ஆற்றில் அணை நீரை விட்டுத்தான் நடத்தினார்கள்.

நம் பக்கம் அணைகள் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் கட்டியவை. கயாக்குக்குக் கிடைப்பது வேறொரு வேலைக்காக விடும் தண்ணீர். அது மூன்று வகை: அணை நிரம்பியதால் ஷட்டர் வழியாக வரும் உபரி நீர், மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் நீர், பாசனத்துக்கு ஆற்றில் விடும் நீர். உங்களுக்குக் கிடைப்பது இதில் எது என்று முதலில் தெரிந்தாக வேண்டும். மூன்றுக்கும் நடத்தை வேறு, ஆபத்தும் வேறு.

கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரிப் பக்கம் மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கும் சாலிப்புழையையும் இருவஞ்சிப்புழையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெரிய நீர்த்தேக்கத்தை நம்பாமல் ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஓடும் ஆறுகள் அவை. அங்கே வானத்தைப் பார்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

ஒரு செய்தியில் ‘ஷட்டர் 50 சென்டிமீட்டர்’ என்கிறார்கள், இன்னொன்றில் ‘விநாடிக்கு 50,000 லிட்டர்’, தமிழ்ப் பத்திரிகையில் கன அடி. எதை எடுத்துக்கொள்வது?
– குமுளி வாசகி

எல்லையில் இருப்பவர்களுக்கே உரிய குழப்பம் இது. ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர், அதாவது 35.3 கன அடி. ஆகவே விநாடிக்கு 50,000 லிட்டர் என்றால் 50 கன மீட்டர், ஏறக்குறைய 1,765 கன அடி. கேரள அறிவிப்பில் ‘கியூமெக்ஸ்’ என்று வருவதும் விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்பதுதான்.

ஷட்டர் எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்தது என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திறப்புக்கு மேல் எவ்வளவு உயரத் தண்ணீர் நிற்கிறது என்பதையும் பொறுத்தே வெளியேறும் அளவு. 10 மீட்டர் அகலமுள்ள ஷட்டரை 50 சென்டிமீட்டர் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திறப்பின் நடுமட்டத்துக்கு மேல் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 660 கன அடி வரும். அதே ஷட்டர், அதே 50 சென்டிமீட்டர், மேலே 6 மீட்டர் தண்ணீர் நின்றால் சுமார் 1,150 கன அடி. போன வாரம் 50 சென்டிமீட்டரில் ஆறு சுகமாக இருந்ததே என்று இந்த வாரமும் இறங்குபவர் மாட்டிக்கொள்வது இப்படித்தான். எத்தனை ஷட்டர் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெருக்கிக் கொள்ள வேண்டியது அது.

அணையில் காலை 8 மணிக்குத் திறந்தால் நாங்கள் இறங்கும் துறைக்குத் தண்ணீர் எப்போது வரும்? எப்போது இறங்க வேண்டும்?
– நெடுங்கண்டம் வாசகர்

இந்தப் பகுதியில் அதிகம் கேட்கப்பட வேண்டிய கேள்வி இதுதான். அணையில் விடும் அளவும் நேரமும் அணைக்கு மட்டும் உரியவை. உங்கள் துறையில் அவை வேறு எண்களாகிவிடும்.

மலை ஆற்றில் ஏறிவரும் தண்ணீர் மணிக்கு 4 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் என்று தொடக்கக் கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் வேகம் கூடும். காய்ந்து கிடந்த படுகையில் முதல் தண்ணீர் வழியிலுள்ள கசங்களையும் மடுக்களையும் நிரப்பிவிட்டுத்தான் கீழே வரும், நேரம் இரட்டிப்பாகலாம். நீங்கள் சொன்ன 8 மணியையே எடுத்துக்கொள்வோம். பகல் 12 வரை தண்ணீர் விடுகிறார்கள், உங்கள் துறை 18 கிலோமீட்டர் கீழே இருக்கிறது, ஓட்டப்போகும் தூரம் 8 கிலோமீட்டர், தண்ணீரின் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர்.

தண்ணீரின் தலை, அதாவது ஏறிவரும் நீரின் முன்முனை, 11 மணிக்கு வந்து சேரும். அந்தத் தலையோடு இறங்காதீர்கள். கரையில் கிடந்த விறகு, மூங்கில், கமுகு மட்டை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வருவது அதுதான். முக்கால் மணி நேரம் பொறுங்கள். மட்டம் ஏறி ஒரே நிலையில் நின்ற பிறகு, 11.45க்கு இறங்கலாம். இடையிடையே கரையேறிப் பாறைகளைப் பார்த்துவிட்டுப் போகும் குழு மணிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் நகராது. 8 கிலோமீட்டருக்கு 2 மணி நேரம். 1.45க்கு வெளியே வந்துவிடுவீர்கள். தண்ணீரின் வால், அதாவது விட்ட நீரின் கடைசி முனை, உங்கள் துறையைத் தாண்டுவது 3 மணிக்கு, முடிவுத் துறையைத் தாண்டுவது 4.20க்கு. கணக்குப்படி 2.20 வரை இறங்கலாம் என்று தோன்றும். ஒருவர் கவிழ்ந்து நீந்தி, துடுப்பைத் தேடி, படகை வடித்து மீண்டும் கிளம்ப ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால் 1 மணிக்கு மேல் இறங்குவதை நாங்கள் ஏற்கமாட்டோம். வால் பிடித்துவிட்டால் நீரடியில் இருந்த பாறைகள் தலை காட்டும். படகு அவற்றின் மேல் குறுக்காகச் சாய்ந்து சிக்கிக்கொள்ளும்.

தலைக்கு முன்னால் இறங்கிவிடுவது இதைவிட மோசம். இருபுறமும் செங்குத்தான பாறை உள்ள இடுக்கில் நிற்கும்போது பின்னாலிருந்து தண்ணீர் ஏறி வரும்.

4 முதல் 8 என்ற எங்கள் வேகத்தையே நம்பியிருக்காதீர்கள். கயாக் ஓட்டாத ஒரு நாளில் மூன்று பேர் மூன்று பாலங்களில் நின்று, தண்ணீர் ஏறத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டால் உங்கள் ஆற்றின் வேகம் கையில் வந்துவிடும். பாலத்தூணில் மட்டம் எவ்வளவு ஏறியது என்பதையும் அதே தாளில், அன்றைய அணை அளவுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஐந்தாறு முறை எழுதினால், இத்தனை கன அடிக்கு நம் பாலத்தில் இத்தனை சாண் என்று சொல்ல வரும். கீழே போகப் போகத் தண்ணீர் பரவி, ஏற்றம் மெதுவாகும், உச்சம் குறையும். 4 மணி நேரம் விட்டது 40 கிலோமீட்டர் கீழே 6 மணி நேரம் மெலிந்து ஓடும். இடையில் சேரும் ஓடைகளில் மழை பெய்தால் இந்தக் கணக்கு எல்லாமே மாறும்.

துறையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் மணலைத் தொடும் கோட்டிலேயே ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி வையுங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள். குச்சியின் அடி நனைந்து, கோடு இரண்டு விரல் மேலே ஏறியிருந்தால் தலை இன்னும் கடக்கவில்லை. காய்ந்த சருகுகள் வரிசையாக மிதந்து வருவதும், தெளிந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறுவதும், பாறைகளின் இரைச்சல் மாறுவதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. தண்ணீர் ஏறி முடிந்தபின், மூன்று முறை பார்த்தும் கோடு குச்சியில் அசையாமல் நின்றால் இறங்கலாம்.

மின்நிலையத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் நம்பகமானது என்கிறார்கள். மூலமற்றம் எப்படி?
– பீருமேடு வாசகர்

மூன்று வகையில் ஓரளவு முன்கூட்டிக் கணிக்க முடிவது இதுதான். இடுக்கி நீர்த்தேக்கத்தின் தண்ணீர் மூலமற்றத்தில் சுமார் 660 மீட்டர் கீழே இறங்கி தலா 130 மெகாவாட் இயந்திரங்கள் 6-ஐச் சுழற்றுகிறது. இவ்வளவு உயரத்திலிருந்து இறங்குவதால் ஒரு இயந்திரத்துக்கு விநாடிக்கு 22 முதல் 24 கன மீட்டர் போதும். ஒன்றுக்கு 800 கன அடி என்று வைத்து, எத்தனை ஓடுகிறதோ அத்தனையால் பெருக்குங்கள். 6 இயந்திரமும் ஓடினால் 4,800 கன அடி.

சிக்கல் இரண்டு. கோடையில் மின்தேவை உச்சத்துக்குப் போவது மாலை 6 முதல் இரவு 11 வரை. பெருந்தண்ணீர் வருவது இருட்டில், அது நமக்கு உதவாது. அடுத்தது, இயந்திரம் சில நிமிடங்களில் முழு வேகத்துக்கு ஏறும், கோளாறு வந்தால் அதே வேகத்தில் நின்றும் போகும். அங்கே கரையில் குளிக்கப் போனவர்கள் அடித்துச் செல்லப்படுவது இந்தத் திடீர் ஏற்றத்தால்தான். எந்தக் கால அட்டவணையும் உங்களுக்கு அளித்த வாக்குறுதி அல்ல. மின்தொகுப்பின் தேவை மாறினால் அட்டவணையும் மாறும்.

மூலமற்றத்துக்குக் கீழே மலங்கரை அணை இருக்கிறது. அதைத் தாண்டியபின் தொடுபுழையாற்றில் வருவது மலங்கரை விடும் தண்ணீர். கீழே ஓட்டுபவர் மின்நிலையக் கணக்கை வைத்துக்கொண்டு பயனில்லை.

முல்லைப் பெரியாற்றில் ஷட்டர் திறக்கும்போது எங்கள் ஊர் வழியாக நல்ல தண்ணீர் போகிறது. அன்று இறங்கலாமா?
– வண்டிப்பெரியாறு வாசகர்

கூடாது. அந்த அணையின் தண்ணீர் சாதாரண நாள்களில் சுரங்கம் வழியாகத் தமிழகப் பக்கம் போகிறது. மட்டம் அனுமதித்த அளவை நெருங்கும்போதுதான் உங்கள் பக்கம் உபரி நீர் வரும். உச்சவரம்பு 142 அடி. அப்படி ஷட்டர் திறக்கும் நாளில் மலை முழுவதும் மழை பெய்துகொண்டிருக்கும், வல்லக்கடவு முதல் கரையோர வீடுகளில் மக்கள் தூங்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மட்டத்தைப் பொறுத்து மணிக்கு மணி ஷட்டரைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். நிலையான மட்டம் என்று ஒன்று கிடைக்காது. அந்த நேரத்தில் ஆற்றில் ஒரு கயாக் கவிழ்ந்தால், கரைவாசிகளுக்காக நிற்கும் மீட்புப் படையை நீங்கள் உங்கள் பக்கம் இழுக்கிறீர்கள்.

கேரளத்தில் அணை மட்டம் உயர உயர நீலம், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை அறிவிப்பார்கள். எந்த மட்டத்தில் எந்த நிறம் என்பது அணைக்கு அணை வேறு, பருவத்தோடும் மாறும். நீலம் வந்ததுமே அந்த ஆற்றுப் பயணத்தை ரத்து செய்துவிடுங்கள். ஆரஞ்சுக்குக் காத்திருக்க வேண்டாம். சைரன் கேட்டபின் எடுக்கும் முடிவு தாமதமான முடிவு.

ஆழியாற்றிலிருந்து தண்ணீர் விடும்போது சித்தூர்ப்புழையில் கயாக் பழகலாமா? பெரிய பாறை ஒன்றும் இல்லையே?
– கொழிஞ்சாம்பாறை வாசகி

பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். அதைப் பாசனத் தேவைப்படி பிரித்து விடுவதால், மழையில்லாத மாதங்களிலும் ஆற்றில் அமைதியான ஓட்டம் கிடைக்கும். பழக நல்ல தண்ணீர்தான். ஆனால் பாறையை விடக் கொல்லும் ஒன்று அங்கே இருக்கிறது: தடுப்பணை.

ஆற்றின் முழு அகலத்துக்கும் குறுக்கே கட்டிய சுவரின் மேல் தண்ணீர் விழும்போது, அடியில் போன நீர் மேலெழுந்து திரும்பச் சுவரை நோக்கியே வரும். இயற்கைப் பாறையில் எங்காவது ஓர் இடைவெளி இருக்கும். நேராகக் கட்டிய சுவரில் இருக்காது. படகையும் ஆளையும் சுவரோடு வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நுரையில் பாதி காற்று என்பதால் லைஃப் ஜாக்கெட்டும் முழுதாகத் தூக்காது. இதற்கு ஒரு மீட்டர் உயரச் சுவர் போதும். தண்ணீர் கூடும்போது கீழ்மட்டமும் ஏறி, சுவர் பாதி மூழ்கி, சின்ன அலைபோலத் தெரியும். பிடி மிக இறுக்கமாக இருப்பது பெரும்பாலும் அப்போதுதான்.

மேலிருந்து பார்த்தால் சுவர் தெரியாது. ஆறு ஒரு நேர்க்கோட்டில் முடிந்துவிட்டது போலிருக்கும், அவ்வளவுதான். அதனால் முந்தைய நாளே கரையோரம் நடந்து, மூலத்தறை ரெகுலேட்டர் (நீரைத் தடுத்துக் கால்வாய்க்குத் திருப்பும் கட்டுமானம்) உட்பட ஒவ்வொரு தடுப்பணையையும் வரைபடத்தில் குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் 50 மீட்டர் முன்பாகவே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போங்கள். யாராவது சிக்கிவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள். கரையில் நின்று 20 மீட்டர் மிதக்கும் கயிற்றுப் பையை அவர் கைக்கு எட்டும்படி வீசுங்கள். குழுவில் குறைந்தது மூன்று படகு, ஆளுக்கொரு கயிற்றுப் பை, ஹெல்மெட், விசில். கால்வாய்க்குள் இறங்கவே வேண்டாம். சரிவான சிமெண்ட் கரையில் பாசி படிந்திருக்கும், கை பிடிக்க ஒன்றும் இருக்காது. கால்வாய் முடிவது மதகிலோ, சாலைக்கு அடியில் போகும் குழாயிலோ.