கன்று வீசிய பசுவும் மூன்று வாரக் காய்ச்சலும்

கேள்வி: ஐயா, என்னிடம் ஏழு கறவை மாடுகள் இருக்கின்றன. ஒரே மாதத்தில் இரண்டு பசுக்கள் ஏழாம் மாதச் சினையில் கன்று வீசிவிட்டன, அதாவது சினை கலைந்து குறைமாதத்தில் கன்றைத் தள்ளிவிட்டன. இரண்டுக்குமே நஞ்சுக்கொடி விழவில்லை. கையை விட்டுத்தான் எடுத்தோம். மருந்து விற்பவர் ஒரு ஊசியும் கர்ப்பப்பை டானிக்கும் கொடுத்தார். மீதி மாடுகளுக்கும் உடனே கன்று வீச்சுத் தடுப்பூசி போடச் சொல்கிறார். அதில் ஒன்று ஐந்து மாதச் சினை. போடலாமா? மனைவிக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருவதால் கடிதம் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும்.

பதில்: சினைப்பசுவுக்குப் போடாதீர்கள். பரவலாகப் பயன்படும் எஸ்-19 தடுப்பூசி உயிருள்ள கிருமி. சினையில் போட்டால் அதுவே கன்று வீச வைக்கலாம். கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் ஒரு முறை போடுவதற்கானது அது. காளைக்குக் கூடவே கூடாது. போடுகிறவர் தன் கையில் தவறிக் குத்திக்கொண்டால் அவருக்கும் நோய் வரும். எனவே கால்நடை மருத்துவரைத் தவிர வேறு யாரும் அந்தக் குப்பியைத் தொட வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் முடிந்தது. எனக்குக் கவலை தருவது மன்னிப்புக் கேட்கும் சாக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். "எடுத்தோம்" என்றால் யார் யார்? கையுறை இருந்ததா? நஞ்சுக்கொடியைப் புதைத்தீர்களா, நாய் இழுத்துப் போனதா?

மாட்டைக் கன்று வீச வைத்து, மனிதருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் தரும் கிருமி ஒன்று உண்டு, பெயர் புருசெல்லா. அந்தத் தடுப்பூசியும் அதற்கானதுதான். இது புருசெல்லா என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல மாட்டேன். எலிக்காய்ச்சல் கிருமியும் கன்று வீச வைக்கும், க்யூ காய்ச்சல் கிருமியும் வீச வைக்கும். ஆனால் ஐந்து மாதம் தாண்டிய சினை, அடுத்தடுத்து இரண்டு மாடுகள், விழாத நஞ்சு, வீட்டில் விட்டு விட்டு வரும் காய்ச்சல் என்று நான்கும் சேர்ந்தால் முதலில் அதைத்தான் தேட வேண்டும். பசுவின் நஞ்சுக்கொடியில் எரித்ரிட்டால் என்றொரு சர்க்கரை உண்டு. இந்தக் கிருமிக்கு அது விருந்து. அதனால்தான் நஞ்சிலும் வீசிய கன்றிலும் கர்ப்பப்பை நீரிலும் கோடிக்கணக்கில் பெருகிக் கிடக்கிறது. மனிதருக்கு நோய் வர அதில் நூறு கிருமிகூடத் தேவையில்லை. கையில் ஒரு சிராய்ப்பு இருந்தாலோ, கண்ணில் ஒரு துளி தெறித்தாலோ போதும்.

என் இளவயதில் நானும் வெறுங்கையோடு நஞ்சு எடுத்தவன்தான். ஒரு மாதம் கழித்துச் சாயங்காலமானால் காய்ச்சல், நடுராத்திரியில் சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்வை, காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இடுப்புவலி மட்டும் போகவே இல்லை. டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். "மாடு வைத்திருக்கிறீர்களா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவே இல்லை.

மருத்துவர் மாட்டைக் கேட்பதில்லை, கால்நடை மருத்துவர் வீட்டுக் காய்ச்சலைக் கேட்பதில்லை. இந்த நோயின் கதையே அப்படித்தான். 1887இல் மால்டாவில் காய்ச்சலில் இறந்த படைவீரர்களின் மண்ணீரலில் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் ஒரு கிருமியைக் கண்டார். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வருடங்கள் ஓடின. 1905இல் மால்டா மருத்துவர் செமிஸ்டோக்ளிஸ் சம்மித் அங்கிருந்த ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோதுதான் விஷயம் வெளியானது. பார்க்க ஒரு குறையும் இல்லாத ஆடுகள், பாலில் நோய். இதற்கிடையே 1897இல் டென்மார்க்கில் கால்நடை மருத்துவர் பெர்ன்ஹார்ட் பாங் கன்று வீசிய பசுக்களில் வேறொரு கிருமியைக் கண்டார். இரண்டும் நெருங்கிய சொந்தம் என்று 1918இல் எழுதியவர் அமெரிக்கக் கிருமி ஆய்வாளர் அலிஸ் எவன்ஸ். அந்தப் பெண்மணியின் பேச்சைப் பலர் நம்பவில்லை. கடைசியில் 1922இல் அவருக்கே இந்த நோய் தொற்றி, வருடக்கணக்கில் படுத்தி எடுத்தது.

அவரவர் துறையில் அத்தனை பேரும் கெட்டிக்காரர்கள். இருந்தும் ஆட்டின் ரத்தத்தை எடுத்துப் பார்க்க 18 வருடம் ஆகியிருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் நான் பிடிவாதமாகச் சொல்வது: ஊசிக்கு முன்னால் மாதிரி. வீசிய கன்றின் வயிற்றில் இருக்கும் திரவமும் நஞ்சுக்கொடித் துண்டும் கிடைத்தால் தங்கம். கன்றை நீங்கள் அறுக்க வேண்டாம், கால்நடை மருத்துவர் எடுத்து ஐஸில் வைத்து அனுப்பட்டும். உங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது, சரி. ஏழு மாடுகளின் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். கன்று வீசிய சமயத்தில் எடுத்த ரத்தம் சில நேரம் "இல்லை" என்று ஏமாற்றும். அதனால் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும்.

அந்த ஊசியும் டானிக்கும் வீண். இந்தக் கிருமி உடலின் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. மாட்டை ஊசி போட்டு முழுசாகக் குணமாக்கியதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விற்பவருக்குச் சாதகமாக இங்கே ஒரு விஷயம் இருக்கிறது. பெரும்பாலான பசுக்கள் இந்த நோயில் ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த சினையில் நல்லபடியாக ஈன்றுவிடும், பாலிலும் நஞ்சிலும் கிருமியை விட்டுக்கொண்டே. பெயர் மட்டும் டானிக் டப்பாவுக்குப் போய்விடும். "போன வருஷம் கொடுத்தேன், இந்த வருஷம் கன்று போட்டது பாருங்கள்" என்பார். கொடுக்காத மாடும்தான் போட்டிருக்கும்.

நாளைக் காலையில் மாட்டு வேலை இருக்கட்டும், மனைவியை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்ததுமே "இரண்டு மாடு கன்று வீசியது, நஞ்சு எடுத்தோம், புருசெல்லா இருக்குமா என்று ரத்தம் பார்க்க வேண்டும்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அதுதான் என்றால் வழக்கமாக இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் தருவார்கள். பத்தாம் நாள் காய்ச்சல் விட்டதே என்று நிறுத்தினால் திரும்ப வரும். கறந்த சூட்டோடு பச்சைப் பால் குடிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். காய்ச்சினால் இந்தக் கிருமி செத்துவிடும்.

ஐந்து மாதச் சினைப்பசுவைத் தனியாகக் கட்டுங்கள். அது ஈனும்போதோ வீசும்போதோ வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் கிட்டே வரக் கூடாது. நஞ்சு விழாவிட்டால் கையை விடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். விழுந்தால் கையுறையோடு எடுத்து, சுண்ணாம்பு போட்டு, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எந்த மாட்டையும் விற்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். முடிவு வந்ததும் எழுதுங்கள்; மனைவியின் முடிவையும் சேர்த்து.