படகுச் சவாரி போனால் மின்சாரத்தால் ஆபத்து உண்டா? தண்ணீரில் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். அதுவும் படகு கரையில் கட்டிக் கிடக்கும்போதுதான்.

அட்லாண்டாவுக்கு வடக்கே லேனியர் ஏரியில் சில வருடங்களுக்கு முன் நாலு குடும்பமாக வாடகைப் படகு எடுத்தோம். திரும்பி வந்து படகைக் கட்டியதும் என் மகன் துறைமேடையிலிருந்து குதிக்கப் போனான். பக்கத்துப் படகுத் தாத்தா போட்ட சத்தத்தில் நானே உறைந்து நின்றேன். "தண்ணீரில் கரண்ட் இருக்கலாம்" என்றார். பாம்பு என்றிருந்தால் நம்பியிருப்பேன். கரண்ட் என்றதும் சிரிப்புதான் வந்தது.

அப்புறம் படித்துப் பார்த்ததில் சிரிப்பு போய்விட்டது. மெரினாவில் (நம்ம கடற்கரை இல்லை, இங்கே படகு நிறுத்துமிடத்துக்கு அந்தப் பெயர்) நிற்கும் படகுகளுக்கு ஏசி, ஹீட்டர் ஓட்டக் கரையிலிருந்து 120 வோல்ட் கேபிள் வருகிறது. படகுக்குள் எங்கோ வயர் உரசி, எர்த்தும் அறுந்திருந்தால், கசியும் கரண்ட் புரொப்பெல்லர் வழியாகத் தண்ணீரில் இறங்கும். நல்ல தண்ணீரைவிட உப்பு கலந்த நம் உடம்பு கரண்டை நன்றாகக் கடத்தும். அதனால் நீந்துகிறவர் உடம்புதான் அதற்குச் சுலபமான வழி. கடலில் உப்புத் தண்ணீரே நன்றாகக் கடத்துவதால் பெரும்பாலும் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 15 மில்லியாம்பியர் போதும், கைகால் இழுத்துக்கொள்ளும். பார்ப்பவருக்கு நீச்சல் தெரியாமல் மூழ்கியதாகத்தான் தோன்றும். 2012 ஜூலை 4 அன்று மிசௌரியின் ஓசார்க்ஸ் ஏரியிலும் டென்னசியின் செரோக்கி ஏரியிலும் குழந்தைகள் இப்படி இறந்தார்கள்.

"காலையில் இங்கேதானே குளித்தோம்" என்பதெல்லாம் செல்லாது. மதியம் ஏதோ ஒரு படகில் ஏசி ஓட ஆரம்பித்தால் கதையே வேறு.

நீந்தும்போது உடம்பு சுரீர் என்றாலோ மரத்தாலோ துறைமேடையையும் படகுகளையும் விட்டு விலகிப் போங்கள். மனசு ஏணியைப் பிடி என்றுதான் சொல்லும், அந்த இரும்பு ஏணிதான் வேண்டாம். வேறு யாராவது தத்தளித்தால் நீங்கள் குதிக்காதீர்கள். கரையில் பிரேக்கரை அணைத்துவிட்டு மிதவையை வீசுங்கள். சொந்தப் படகு என்றால் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகும் பிரேக்கர் அவசியம்.

பாய்மரப் படகில் போகிறவர்கள் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், படகின் அலுமினியப் பாய்மரக் கம்பம் அந்தக் கம்பிக்குக் கிட்டே போனாலே கரண்ட் பாயும். இடி கேட்டால் கரைக்கு வந்துவிட்டு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

அன்று மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வீடு வந்தான். இப்போதெல்லாம் நடு ஏரியில் எஞ்சினை அணைத்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டோடு குதிக்கிறோம்.