பிக்கிள் செய்து திறந்தால் பாதி விவரம் காணோம், எரரும் வரவில்லை. ஏன்?

கேள்வி இதுதான்: கேட்டவர் சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதிய கிளாஸை, இரண்டு மொழிகளையும் இணைக்கும் பைபைண்ட்11 லைப்ரரி வழியாகப் பைத்தானில் பயன்படுத்துகிறார். ஆப்ஜெக்டை பிக்கிள் செய்து, அதாவது ஃபைலாகச் சேமித்து, மறுபடி திறந்தால் எரர் எதுவும் இல்லை, அவர் சேர்த்த விவரங்கள் மட்டும் இல்லை.

எரர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சி ப்ளஸ் ப்ளஸ் கிளாஸிலிருந்து பைத்தானில் ஒரு கிளாஸ் டிரைவ் செய்து (அதை அடிப்படையாக வைத்து நீட்டி), அதில் நாலு விஷயம் சேர்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் செய்ததும் அதுதான்.

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுக்குப் புரோகிராம் எழுதினோம். எந்தப் பெட்டியை எந்த லைனில், எத்தனையாவது அடுக்கில் வைத்தால் பிறகு எடுப்பது சுலபம் என்று கணக்குப் போடுவது சி ப்ளஸ் ப்ளஸ். சீல் எண், கஸ்டம்ஸ் ஹோல்டு, குறிப்பு எல்லாம் பைத்தான் பக்கம். ராத்திரி பிக்கிள் செய்து வைத்துவிட்டு, காலை ஷிஃப்டுக்குத் திறப்போம். முதலில் பூஸ்ட் பைத்தான் என்ற இன்னொரு இணைப்பு லைப்ரரியில் இருந்தது. அதை பைபைண்ட்11-க்கு மாற்றியவன் நான்.

மாற்றிய மறுநாள் விடியற்காலையில் யார்டு சூப்பர்வைசர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, இந்தப் பொட்டி ஹோல்டுல இருக்கு. நேத்து நானே போட்டேன். உன் லிஸ்ட்ல கேட் அவுட்னு வருது, வண்டி வாசல்ல நிக்குது." அவர் ஒரு லாங் சைஸ் நோட்டில் எல்லாவற்றையும் தனியாக எழுதி வைக்கிறவர். அந்த நோட்டு இல்லையென்றால் கஸ்டம்ஸ் நிறுத்தி வைத்த பெட்டி வெளியே போயிருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, தேரடியில் இறங்கி ஓடினேன். திறந்து பார்த்தால் ஒரு பெட்டிக்குக்கூட ஹோல்டு இல்லை.

காரணம் இதுதான். சி ப்ளஸ் ப்ளஸ் ஆப்ஜெக்ட் என்பது மெமரியில் ஓர் இடம். 'மூணாவது லைன், நாலாவது அடுக்கு' என்று சீட்டு எழுதி வைத்துவிட்டு, யார்டையே காலி செய்து மறுபடி அடுக்கினால் அந்தச் சீட்டுக்கு என்ன மதிப்பு? அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று நாம்தான் கெட்ஸ்டேட் என்ற ஃபங்ஷன் எழுதிச் சொல்ல வேண்டும். சொன்னால், பிக்கிள் அதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். டிரைவ் செய்த கிளாஸின் விவரங்கள் இருக்கும் டிக்ட் பக்கம் திரும்பாது. அதோடு, திறக்கும்போது, ஆப்ஜெக்டை முதலில் தயார் செய்யும் நம் இனிட் ஃபங்ஷனும் ஓடாது. எங்கள் கிளாஸில் ஹோல்டு என்பதற்கு ஃபால்ஸ் என்று கிளாஸ் அளவிலேயே ஆரம்ப மதிப்பு கொடுத்திருந்தேன். எனவே 'அப்படி ஒன்று இல்லை' என்ற எரர்கூட வரவில்லை. எல்லாப் பெட்டிக்கும் ஃபால்ஸ்.

பூஸ்ட் பைத்தான் இந்த இடத்தில் நம்மைக் காப்பாற்றும். டிக்டில் ஏதாவது இருந்து, கெட்ஸ்டேட் அதைப் பார்த்துக்கொள்கிறது என்று நாம் தனியாக அறிவிக்காவிட்டால், பிக்கிள் முழுமையாக இல்லை என்று ரன்டைம் எரர் போட்டு நிறுத்திவிடும். அப்படி அறிவிக்கும் வரியும், டிக்டைச் சேர்க்கும் வரியும் பழைய கோடில் இருந்தன. பூஸ்டுக்கு மட்டும் வேண்டியவை என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி ஓ.எம்.ஆரில் இருக்கிறது. அன்று மீட்டிங்கில் அவர்கள் சொன்ன முதல் வார்த்தை, "யார்டு ஆளுங்க டிக் பண்ண மறந்திருப்பாங்க." கோடு பார்க்கவில்லை, நோட்டையும் கேட்கவில்லை. ராயபுரம், தண்டையார்பேட்டை என்று வடசென்னை அட்ரஸ் சொன்னாலே குரல் மாறுகிறவர்களை இன்டர்வியூவிலிருந்தே பார்த்து வருகிறேன். தப்பு என்னுடையது, அண்ணன் போட்ட டிக் சரியாகத்தான் இருந்தது என்று அங்கேயே சொன்னேன். அதன்பிறகும் ஒருவர்கூட அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. பைத்தான் கிளாஸில் நீங்களே ஒரு கெட்ஸ்டேட் எழுதி, சூப்பர் (மேல் கிளாஸ்) வழியாக வரும் சி ப்ளஸ் ப்ளஸ் விவரத்தையும் செல்ஃபின் டிக்டையும் ஒரே டூப்பிளாகக் கொடுங்கள். திறக்கும்போது ஓடும் செட்ஸ்டேட்டில் முதல் பாதியை சூப்பருக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் டிக்டை அப்டேட் செய்யுங்கள். வரிசை முக்கியம். சி ப்ளஸ் ப்ளஸ் பக்கமே செய்வதென்றால், செட்ஸ்டேட் ஃபங்ஷன் ஆப்ஜெக்டையும் டிக்டையும் ஜோடியாக ரிட்டர்ன் செய்யலாம், பைபைண்ட்11 அதை ஏற்கும்.

ஜேசான் என்ற டெக்ஸ்ட் ஃபார்மட்டில் எழுதியிருக்கலாமே என்று கமெண்டில் வருவார்கள். வருஷக்கணக்கில் வைக்க வேண்டிய டேட்டா என்றால் நானும் அதையேதான் சொல்வேன். வெளியாள் கொடுத்த பிக்கிள் ஃபைலைத் திறக்கவே கூடாது, அது நம் மெஷினில் எந்தக் கோடையும் ஓட்டிவிடும். எங்களுடையது ராத்திரி வைத்துக் காலையில் எடுக்கும் எங்கள் சொந்த ஃபைல்.

ஆரம்ப மதிப்பு இருக்கும் எதையும் அந்த மதிப்பிலேயே வைத்து டெஸ்ட் செய்யாதீர்கள். ஹோல்டை ட்ரூ ஆக்கி, டம்ப் செய்து, லோட் செய்து, டிக்ட் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். அப்படியும் காணாமல் போனால் உங்கள் கெட்ஸ்டேட்டை இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.