2019 பஜாஜ் டோமினார் 400 பைக், நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நெடும்பயணத்துக்கு வாங்கலாமா?

கிலோமீட்டரைப் பார்த்துத்தான் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். நாலுவழிச் சாலையில் சீராக ஓடிய நாற்பதாயிரத்தை விட, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் கவர் போட்டு நின்ற எட்டாயிரம்தான் பல நேரம் அதிகச் செலவு வைக்கும். பேட்டரி செத்து, ஃபோர்க்கின் (முன் ஷாக்) ஆயில் சீல் காய்ந்து, டயர் கல்லாகியிருக்கும். கீழே கமென்ட்டில் சண்டைக்கு வருபவர்கள் டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு வரவும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம்.

முதலில் அது பழைய மாடலா, புதிய மாடலா என்று பாருங்கள். பதிவான ஆண்டை மட்டும் நம்பாதீர்கள். பழையதில் சாதாரண ஃபோர்க், 35 பிஎஸ். புதியதில் யுஎஸ்டி (தலைகீழாகப் பொருத்திய) ஃபோர்க், இரட்டை வாய் சைலன்சர், 40 பிஎஸ். விலையும் அதற்கேற்பத்தான் பேச வேண்டும்.

பார்க்கப் போகும்போது இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். இன்னொரு நாள் போங்கள். ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை ஐடிலில் விடுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை, கூலன்ட் டேங்கில் அளவு குறைந்திருக்கிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் சீல்) சந்தேகியுங்கள்.

இந்த வண்டியில் நான் முதலில் கை வைப்பது கோன் செட்டில்தான், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங்கில். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது. அப்படியே ஹேண்டில் முட்டி நிற்கும் ஸ்டாப்பரையும் பாருங்கள். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. டேங்குக்குப் புது பெயின்ட் அடிப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

யுஎஸ்டி ஃபோர்க்கில் பளபளக்கும் குழாய் கீழே, கல் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது. அதில் பொட்டுப் பொட்டாகக் குழி இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கிழியும். கசியும் ஆயில் நேராக பிரேக் கேலிப்பர் மேல் இறங்கும். அப்போது பேடும் போச்சு. செயினைப் பின் ஸ்பிராக்கெட்டின் கடைசியில் பிடித்து இழுங்கள். பாதிப் பல் தெரிந்தால் செயின் செட் செலவை விலையில் கழியுங்கள்.

டூர் போன வண்டியில் தனியாகப் பார்க்க வேண்டியது லக்கேஜ் தாங்கிய பின் சட்டம். கேரியர் போல்ட் அருகே வெல்டிங்கில் விரிசலோ, தனியாகத் தொட்ட பெயின்ட்டோ இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு சீட்டைக் கழற்றி வயரிங். ரிலே, ஃப்யூஸ் இல்லாமல் ஃபாக் லைட்டுக்கு இழுத்த வயர் உருகியிருக்கும். எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கும் அந்த வெள்ளை விளக்கை ஊருக்குள்ளும் எரியவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது! நீங்கள் வாங்கினால் முதலில் அதைக் கழற்றி எறியுங்கள்.

கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடை) வாங்கினால் "ஓப்பன் ஃபார்ம் இருக்கு, அப்புறம் பேர் மாத்திக்கலாம்" என்பார்கள். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் உங்கள் பெயர் ஏறாமல் முழுப்பணம் தராதீர்கள். லோன் இருந்த வண்டி என்றால் ஆர்சியில் லோன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35-ம், பைனான்ஸ்காரரின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வேண்டும். சேசிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிட்டு, பாக்கி சலானையும் பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.