செடிப் பெட்டியின் உட்சுவருக்கு எது ஏற்றது?

கேள்வி: அடுக்குமாடி வீட்டுக்குள் கொத்தமல்லியும் கீரையும் வளர்க்க, எல்இடி விளக்கு பொருத்திய சிறிய பிளைவுட் பெட்டி செய்திருக்கிறேன். உட்சுவரில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டலாமா, வெள்ளை பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: பளபளப்பில்லாத வெள்ளை பெயின்டே போதும். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி, தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை எல்லாத் திசைகளிலும் சிதறடித்துத் திருப்பி அனுப்புவதால், விளக்குக்கு நேர் கீழே இல்லாத ஓரத்து இலைகளுக்கும் வெளிச்சம் சீராகச் சேரும். அலுமினியத் தாள் ஒட்டும்போதே சுருங்கி ஒளியைத் திட்டுத்திட்டாக்கும் என்பதோடு, மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், தண்ணீரும் ஒயரும் அருகருகே இருக்கும் பெட்டிக்குள் அதை வைக்கவே வேண்டாம். மைலார் தாள் (உலோகப் பூச்சுள்ள பளபளப்பான பிளாஸ்டிக் தாள்) 90 சதவீதத்துக்கு மேல் ஒளியைத் திருப்பும் என்றாலும், சுருக்கமின்றி இழுத்து ஒட்டினால்தான் அந்தப் பலன் கிடைக்கும். பெயின்டுக்கு முன் பிளைவுட்டின் வெட்டு விளிம்புகளுக்கு மறக்காமல் பிரைமர் பூசுங்கள்; ஈரம் அவ்வழியாகத்தான் எளிதில் உள்ளே இறங்கும்.