பட்டயமா, மண்வெட்டியா?

கேள்வி: பழைய ஏற்பாடு முழுக்கப் போர், புதிய ஏற்பாடு முழுக்கச் சமாதானம் என்கிறார்களே, சரியா?

பதில்: இல்லைங்க, அப்படிப் பிரித்துவிட முடியாது. யோசுவா புத்தகத்தில் நகரங்கள் அழிக்கப்படுவதைப் படிக்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, அதை மழுப்ப மாட்டேன். ஆனால் அதே பழைய ஏற்பாட்டில் உபாகமம் 20-ஐப் பாருங்கள்: தூரத்திலுள்ள ஒரு நகரத்தோடு போரிடப் போனால் முதலில் சமாதானம் கேட்க வேண்டும், முற்றுகை எத்தனை நாள் நீண்டாலும் கனிமரங்களை வெட்டக் கூடாது. இந்த மர விதியிலிருந்துதான் எதையும் வீணாக அழிக்கக் கூடாது என்ற பொதுத் தடையையே யூத மத போதகர்களான ரபிகள் வளர்த்தெடுத்தார்கள். தாவீது அவ்வளவு பெரிய அரசன், இருந்தும் அதிக ரத்தம் சிந்தியதால் ஆலயம் கட்டும் பேறு அவனுக்குக் கிடைக்கவில்லை (1 நாளாகமம் 22).

பட்டயங்களை, அதாவது வாள்களை, மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று தீர்க்கதரிசி ஏசாயா சொல்ல, இன்னொரு தீர்க்கதரிசியான யோவேல் அதை அப்படியே திருப்பிப் போட்டு மண்வெட்டிகளைப் பட்டயமாக்கச் சொல்கிறார். இரண்டும் வேதத்தில்தான் இருக்கின்றன. தனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டு குண்டு போடுவதை நியாயப்படுத்துகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் இயேசு. தன்னைப் பிடிக்க வந்த இரவிலேயே, பட்டயத்தை உறையில் போடு என்று சீடனைத் தடுத்தார். முதல் நூற்றாண்டுகளின் திருச்சபை ஆசிரியர்கள் பலர் இதை நேரடியாகவே எடுத்துக்கொண்டார்கள்; சில போர்கள் நியாயமானவை என்கிற 'நீதியான போர்' வாதத்தை ஆயர் அகுஸ்தீன் முன்வைத்தது பிறகுதான். மெனோனைட்டுகள், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இன்றும் ஆயுதம் ஏந்த மறுக்கிறார்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான்.